கம்பெனி வாசலில் சோறு தின்ற நாட்கள்

மதினி,

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். பயப்படும்படி ஒன்றுமில்லை. பக்கத்துத் தெரு ஆஸ்பத்திரியில் நர்ஸ் பெண் காயத்தைத் துடைத்துவிட்டு, ஒரு காகித உறையைக் கிழித்து வெள்ளைத் துணியை வெளியே எடுத்தாள். உடனே அந்த வாசம் வந்தது. வெளுப்புத் தொட்டியில் ஊறி, நல்ல தண்ணீரில் திரும்பத் திரும்ப அலசி, ராஜபாளையத்து வெயிலில் காய்ந்த மெல்லிய துணியின் வாசம். நம் இரண்டு பேர் சேலையிலும் தலைமுடியிலும் எத்தனையோ வருஷம் ஒட்டிக் கிடந்த வாசம். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்று அந்தப் பெண் கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் அவள் நம்பவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உனக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. நீ போய் இந்தப் புரட்டாசியோடு ஒரு வருஷம் ஆகப்போகிறது. நீ இருந்த காலத்தில் உனக்கு நான் கடிதமே எழுதியதில்லை. எழுத என்ன அவசியம்? காலையில் பார்த்தால் சாயங்காலம் வரைக்கும் பேச்சுதான். மிச்சப் பேச்சை மறுநாளுக்கு வைத்துவிட்டு நீ ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவாய்.

எண்பதுகளின் தொடக்கத்தில், என் வீட்டுக்காரர் காலமான மறு வருஷம், நான் அந்தப் பேண்டேஜ் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். மகள் அப்போது கைக்குழந்தை. முதல் நாள் எனக்கு எங்கே உட்காருவது என்றே தெரியவில்லை. நீளமான மேசைகள், இரண்டு பக்கமும் பெண்கள், எல்லார் தலையிலும் பஞ்சுப் பிசிறு. நீதான் கொஞ்சம் நகர்ந்து, "இங்கிட்டு வா. எந்த ஊரு?" என்றாய். தேவதானம் என்றேன். உன் முகம் மலர்ந்துவிட்டது. "எங்க வீட்டுக்காரரும் தேவதானம்தான். அப்ப நீ எனக்கு நாத்தனாரு. நான் உனக்கு மதினி. சண்டை போட ஒரு ஆளு கெடச்சிட்டு" என்று சிரித்தாய். அன்றைக்கு வைத்த முறைதான். அண்ணன் எனக்கு ரத்த சொந்தமில்லை, ஒரே ஊர் என்பதுதான் உறவு. ஆனாலும் என் மகள் கல்யாணத்தில் தாய்மாமன் இடத்தில் நின்றவர் அவர்தான்.

நீ தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்தாய். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் அண்ணனுக்கு வாடகை சைக்கிள் கடை. விடியும் முன்பே சமைத்து, அவருக்கு எடுத்து வைத்து, உனக்குத் தூக்குச்சட்டியில் அள்ளிக்கொண்டு, ஓடிவந்து பஸ் ஏறுவாய். கண்டக்டர் உன்னைக் கண்டால் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருப்பார் என்று நீயே பெருமையாகச் சொல்வாய். கம்பெனியில் உன்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. என்னைப் பார்த்து நம் மேசைப் பெண்களும் மதினி என்பார்கள், மற்றவர்கள் 'வில்லிபுத்தூர்க்காரி' என்றுதான் சொல்வார்கள். மேனேஜர்கூட அப்படித்தான் சொல்வார், எரிச்சலோடு.

நீ சண்டைக்காரி இல்லை. இதை இங்கே எழுதி வைக்கவேண்டும், ஏனென்றால் பிற்பாடு உன்னை அப்படிச் சொன்னவர்கள் உண்டு. நீ கேள்வி கேட்பாய், அவ்வளவுதான். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாய். அதைத்தான் அவர்களால் தாங்க முடியவில்லை.

நம் கம்பெனியில் ஒரு வழக்கம் இருந்தது. ஆண்களுக்கு ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு. பெண்களுக்கு ஐம்பது. யார் வைத்தது, எப்போது வைத்தது என்று எவருக்கும் தெரியாது. ஐம்பது ஆனதும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் நாற்காலி போட்டு, மாலை போட்டு, ஒரு எவர்சில்வர் குடத்தைக் கையில் கொடுத்துப் போட்டோ எடுப்பார்கள். மேனேஜர், "இனிமே வீட்டுல பேரப் பிள்ளைகளோட நிம்மதியா இருங்க" என்பார். எல்லாரும் கை தட்டுவோம். லட்டும் மிக்சரும் கொடுப்பார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கைதட்டலில் ஒரு குறையும் இருந்ததில்லை, ரோசம்மாக்காவுக்கு ஐம்பது வரும் வரைக்கும்.

ரோசம்மாக்கா நம் மேசையிலேயே மூத்தவள். சர்ச்சுக்குப் போகும்போது உடுத்தும் சேலையை அன்றைக்கு உடுத்தி வந்தாள். மாலையும் குடமுமாக நின்றபோது சிரித்த முகமாகத்தான் இருந்தாள். அடுத்த வாரம் ஒரு காலையில் நாம் இரண்டு பேரும் கம்பெனிக்கு வரும்போது, எதிரே சாக்கடைப் பாலத்தின் மேல் அவள் உட்கார்ந்திருந்தாள். கையில் தூக்குச்சட்டி.

"என்னக்கா, இங்க உக்காந்திருக்க?" என்று நீ கேட்டாய்.

"கால் தன்னால வந்துட்டுட்டி" என்றாள். "கேட்டு வரைக்கும் வந்த பொறவுதான் நெனப்பு வந்துச்சு. வந்தது வந்தோம், செத்த நேரம் உக்காந்துட்டுப் போவம்னு இருக்கேன்."

நாம் உள்ளே போய்விட்டோம். மத்தியானம் ஜன்னல் வழியாகப் பார்த்தேன், அவள் இல்லை. சில நாள் கழித்து, அவள் ஒரு ஹோட்டலில் பாத்திரம் தேய்க்கப் போகிறாள் என்று கேள்விப்பட்டோம். துணியில் ஒரு சுருக்கம் விழாமல் மடித்தவள் எச்சில் தட்டுக் கழுவுகிறாள். கேள்விப்பட்ட அன்று சாயங்காலம் பஸ்ஸுக்குப் போகும் வழியில் நின்று, "பிளீச்சிங்ல இருக்க அண்ணாச்சிக்கு என்ன வயசு இருக்கும்?" என்றாய்.

பிளீச்சிங் அண்ணாச்சி வெளுப்புத் தொட்டியைக் கவனிப்பவர். ஒரு கண்ணில் புரை விழுந்து, படியில் இறங்கும்போது சுவரைத் தடவித்தான் இறங்குவார். "அம்பத்தஞ்சு இருக்கும்" என்றேன்.

"ரோசம்மாக்காவுக்கு ரெண்டு கண்ணும் நல்லாத்தான இருந்துச்சு" என்றாய். அவ்வளவுதான் சொன்னாய். பஸ் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு சாப்பாட்டு நேரங்களில் நம் பேச்சு இதையே சுற்றி வந்தது. நீ ஆரம்பித்து வைப்பாய், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எல்லாரும் ஒரே மாதிரி நினைக்கவில்லை என்பதை அப்போதுதான் நான் தெரிந்துகொண்டேன். ராமலட்சுமி, "எனக்கு எப்படா அம்பது வரும்னு இருக்கு மதினி. முதுகு ஒடியுது. போனதும் பாயை விரிச்சு மூணு நாளைக்குத் தூங்குவேன்" என்றாள். இன்னொருத்தி, "சம்பளம் இருக்க வரைக்கும்தான் மருமக மதிப்பா. குடத்தைத் தூக்கிட்டுப் போய் நின்னா வாசல் பெருக்கச் சொல்லுவா" என்றாள். எனக்கோ கணக்கு வேறு. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். எனக்கு ஐம்பது வரும்போது அவள் படிப்பு பாதியில் நிற்கும். அதை நினைத்தாலே சோறு இறங்காது.

நீ எல்லாரையும் பேச விட்டுவிட்டுக் கடைசியில்தான் பேசினாய். "போகணும்னு நெனக்கிறவ போகட்டும்டி, ராமலட்சுமி போய்த் தூங்கட்டும், நான் வேண்டாங்கல. இருக்கணும்னு நெனக்கிறவளைப் பிடிச்சுத் தள்ளக்கூடாது. அம்புட்டுதான் நான் கேக்கேன்."

தொண்ணூறுகளின் நடுவில் உன் முறை வந்தது. மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, மாதக் கடைசிச் சனிக்கிழமை விழா என்று சொன்னார். நீ திரும்பி வந்து பேண்டேஜ் உருட்டும் கையை நிறுத்தாமலே என்னிடம் சொன்னாய்: "நான் வரலன்னுட்டேன்."

"எங்க வரல?"

"மாலை போட்டுக்க வரல. எனக்கு இங்க வேலை இருக்குன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அந்தச் சனிக்கிழமையை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். வாசலில் பந்தல்போல ஒரு துணி கட்டியிருந்தார்கள். நாற்காலி, மாலை, குடம், போட்டோக்காரர், எல்லாம் தயார். நாங்கள் எல்லாரும் போய் வரிசையாக நின்றோம். நீ மட்டும் உள்ளே மேசையில் உருட்டிக்கொண்டிருந்தாய். மேனேஜர் ஆள் அனுப்பினார். பிறகு அவரே வந்தார். நான் ஜன்னல் ஓரம் நின்றதால் எல்லாம் கேட்டது.

"என்னம்மா இது? எல்லாரும் காத்திருக்காங்க. மாலை வாடுது."

"சாமி படத்துக்குப் போட்டுருங்க சார்."

"பொம்பளைங்களுக்கு அம்பதுக்கு மேல கண்ணும் கையும் முன்ன மாதிரி ஓடாதும்மா. இது ஆஸ்பத்திரிக்குப் போற சாமான். அதனாலதான் இந்த வழக்கம்."

நீ எழுந்து நின்றாய். சத்தம் போடவில்லை. "கண்ணைப் பாத்து அனுப்புறதா இருந்தா எல்லார் கண்ணையும் பாருங்க சார். வயசைப் பாத்து அனுப்புறதா இருந்தா ஆம்பிளைக்கும் அதே வயசு வைங்க. ரெண்டுல எதுன்னு சொல்லுங்க. நான் கட்டுப்படுதேன்."

நீ வழக்கம்போல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அவர் திரும்பி நடந்ததும் பின்னாலேயே குரல் கொடுத்தாய்: "சார், மிக்சரை மட்டும் குடுத்திருங்க. பிள்ளைக பசியா நிக்கிதுக." போட்டோக்காரர் சிரித்துவிட்டார். ஆனால் யாரும் மிக்சர் கொடுக்கவில்லை.

திங்கட்கிழமை வாட்ச்மேன் உன்னை உள்ளே விடவில்லை. "எனக்கு உத்தரவு அப்படிம்மா" என்று அவர் கும்பிடாத குறையாகச் சொன்னார். நீ அவரோடு வாதாடவில்லை. ரோசம்மாக்கா அன்று உட்கார்ந்த அதே பாலத்தில் போய் உட்கார்ந்தாய். நாங்கள் உள்ளே போகவும் மனமில்லாமல், நிற்கவும் பயமாக, கேட்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றோம். ஒருத்தி, "நாம எல்லாரும் வேலையை நிறுத்திருவோமா மதினி?" என்றாள்.

"வேண்டாம்" என்றாய். "உங்க வீட்டுல உலை வைக்கணும். போய் வேலையைப் பாருங்க. மத்தியானம் முடிஞ்சா சோத்தைக் கொண்டாந்து என்கூட உக்காந்து தின்னுங்க. தனியாத் தின்னா எனக்கு எறங்காது."

முதல் நாள் நான் மட்டும் வந்தேன். ஆடி மாதக் காற்று. உன் புளிச்சோற்றிலும் என் கூட்டுச்சோற்றிலும் மண் வந்து விழுந்தது. லாரிகளும் டவுன் பஸ்களும் நம் முகத்துக்கு நேரே போயின. எனக்கு வெட்கமாக இருந்தது. நீ ரொம்பச் சாதாரணமாக, "ஊறுகா வச்சிருக்கியா?" என்றாய். மறுநாள் ராமலட்சுமி வந்தாள், ஐம்பதுக்காகக் காத்திருந்த அதே ராமலட்சுமி. "எனக்குப் போகணும்தான். உன்னையத் தள்ளுனா எனக்கென்னன்னு இருக்க முடியுமா?" என்று சொல்லிக்கொண்டே தூக்கைத் திறந்தாள். அதற்கடுத்த நாட்களில் ஒவ்வொருவராக வந்து, கடைசியில் நம் மேசை முழுக்க ரோட்டோரத்தில் உட்கார்ந்திருந்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்ன விசேஷம், கெடா வெட்டா?" என்று கேட்டார்கள். நீ ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொன்னாய். காய்கறி வண்டிக்காரர், பஸ் டிரைவர், மில் ஷிப்டு முடிந்து போகிறவர்கள், எல்லாருக்கும். அந்த வாரத்துக்குள் ராஜபாளையம் முழுக்கத் தெரிந்துவிட்டது.

நாங்கள் சாப்பிட்டு முடித்ததும் நீதான் துரத்துவாய். "மணி அடிக்க முன்னால உள்ள போயிருங்க. ஒரு நிமிஷம் பிந்தக்கூடாது. நம்ம மேல குத்தம் சொல்ல அவியளுக்கு வழியே இருக்கக்கூடாது." வெளியே போய்ச் சாப்பிட்டால் நடவடிக்கை எடுப்போம் என்று மேஸ்திரி மிரட்டினார். சாப்பாட்டு நேரத்தில் எங்கே உட்கார வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை என்பது அவருக்கும் தெரிந்திருக்கும். நாங்கள் பயந்துகொண்டேதான் தினமும் வெளியே வந்தோம். ஆனால் வந்தோம்.

ஒருநாள் அண்ணன் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சைக்கிளிலேயே சாப்பாடு கொண்டு வந்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. "ஏன் அண்ணே, பஸ்ஸுல வரக்கூடாதா?" என்று கேட்டேன். "பஸ்ஸுல வந்தா சாம்பார் சிந்திரும்லா" என்றார். அவர் உன்னைப் பார்த்த பார்வையில் கவலை இருந்தது. நீ அதைப் பார்க்காத மாதிரி அவர் கொண்டுவந்த சோற்றை எல்லாருக்கும் ஒரு கை வைத்தாய். அவர் சைக்கிளைத் திருப்பும்போது மட்டும், "நான் வீட்டுக்கு வந்துரட்டுமா?" என்று மெல்லக் கேட்டாய். நான் பக்கத்தில் இருந்ததால் கேட்டது. "உனக்கு எப்பத் தோணுதோ அப்ப வா" என்று சொல்லிவிட்டு அவர் மிதித்துப் போனார். நீ அவர் முக்குத் திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிளீச்சிங் அண்ணாச்சி வந்த நாளை நான் மறக்கவே மாட்டேன். அதுவரை அவர் உன் மேல் கோபமாக இருந்தார். தன்னைச் சுட்டிக்காட்டி நீ பேசியதாக யாரோ அவரிடம் போட்டுக்கொடுத்திருந்தார்கள். அன்று கேட்டைத் தாண்டி, சுவரைத் தடவித் தடவி ரோட்டுக்கு வந்து, உன் எதிரில் நின்றார்.

"ஏம்மா, எங் கண்ணை எதுக்கு இழுத்த?"

"உங்களை அனுப்பணும்னு சொல்லல அண்ணாச்சி" என்றாய். "உங்களை வச்சிருக்க மாதிரி எங்களையும் வச்சிருங்கன்னுதான் சொன்னேன்."

அவர் தோளிலிருந்த துண்டை எடுத்தார். "நான் உன்னையவிட மூத்தவன். நான் உள்ள போறேன், நீ வெளிய உக்காந்திருக்க. நாலு நாளா எனக்கே அது நல்லால்ல" என்று சொல்லித் துண்டை உதறிக் கீழே விரித்து உட்கார்ந்தார். அடுத்த நாள் ஆண்களும் தூக்கோடு வந்தார்கள். அதன் பிறகு சாப்பாட்டு நேரத்தில் உள்ளே மேனேஜரையும் மேஸ்திரியையும் தவிர யாரும் இல்லை.

முதலாளி கார் வந்து நின்றது அப்படி ஒரு மத்தியானத்தில்தான். அவர் கெட்ட மனிதர் இல்லை. அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். பாதி நாள் மதுரையிலும் மெட்ராசிலும் இருப்பார். இறங்கி வந்து, தன் ஆட்கள் எல்லாரும் ரோட்டோரத்தில் சாப்பிடுவதைப் பார்த்தார். "உள்ள போய்ச் சாப்பிடுங்கம்மா. பாக்கிறவங்க என்ன நெனப்பாங்க?" என்றார்.

நீ எழுந்து கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாய். "உள்ள எனக்கு இடமில்லன்னு சொல்லிட்டாவ முதலாளி. இவிய எனக்குத் துணைக்கு வந்தவிய."

"உனக்கு என்னம்மா வேணும்?"

"ஆம்பிளைக்கு என்ன வயசோ அது எங்களுக்கும் வேணும்."

அவர் மேனேஜர் பக்கம் திரும்பினார். "ஆம்பிளைகளுக்கு எம்புட்டு வச்சிருக்கோம்?" என்று கேட்டார். மேனேஜர் ஐம்பத்தெட்டு என்றார். "பொம்பளைகளுக்கு?" ஐம்பது. "ஏன்?" மேனேஜர், "உங்க அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான் சார்" என்றார். முதலாளி அப்படியே நின்றுவிட்டார். உண்மையிலேயே அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, மதினி. தன் கம்பெனியில் இத்தனை வருஷமாக நடந்தது அவருக்குத் தெரியாது. யாரும் கேட்காததால் அவரும் கேட்கவில்லை. "யோசிச்சுச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவர் யோசித்து முடிக்க ஆடிப்பூரம் வந்துவிட்டது. உங்கள் ஊர்த் தேருக்கு ஒருநாள் மட்டும் நீ வாசலுக்கு வரவில்லை. தேர் முடிந்த மறுநாள் வாட்ச்மேன் கேட்டை முழுசாகத் திறந்துவைத்துக்கொண்டு உனக்காகவே நின்றார். "அம்மா, உள்ள வரச் சொல்லுதாவ" என்றார். இனி பெண்களுக்கும் ஐம்பத்தெட்டு, விருப்பப்பட்டவர்கள் முன்னாலேயே போகலாம், அவர்களுக்கும் சேரவேண்டியதெல்லாம் சேரும் என்று மேனேஜர் வாசித்தார். நாங்கள் கத்திவிட்டோம். நீ உன் இடத்தில் போய் உட்கார்ந்து, மேசையில் படிந்திருந்த தூசியைத் துடைத்தாய்.

அன்று சாயங்காலமே நாம் இரண்டு பேரும் ரோசம்மாக்கா வீட்டுக்குப் போனோம். அவளும் திரும்ப வரலாம் என்று முதலாளியிடம் நீ கேட்டு வாங்கியிருந்தாய். சந்தோஷப்படுவாள் என்று நினைத்துப் போனோம். அவள் அடுப்படியிலிருந்தே கேட்டாள்: "அப்ப எனக்கு ஏண்டி யாரும் கேக்கல?"

காபி போட்டுக் கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம். பஸ் ஸ்டாண்டில் நீ அழுதாய். நீ அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். "அவ கேட்டது சரிதானட்டி" என்றாய். அடுத்த திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு எல்லாருக்கும் முன்பே ரோசம்மாக்கா வந்து நின்றாள். நீ கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாய்.

இதோடு கதை முடிந்தது என்றுதான் எல்லாரும் நினைத்தோம். நீ ஐம்பத்தெட்டு வரை இருந்து கம்பெனியை ஆட்டி வைப்பாய் என்று மேஸ்திரியே சலித்துக்கொண்டார். மறு வருஷம் தை பிறந்ததும் நீ ஒரு மத்தியானம் சொன்னாய்: "நான் இந்த மாசத்தோட நின்னுக்கிறேன்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அதை நீ மறந்திருக்க மாட்டாய். "இதுக்கா மதினி அம்புட்டு நாளு ரோட்டுல உக்காந்து மண்ணைத் தின்னோம்?" என்று மேசையைத் தட்டினேன்.

"இதுக்குத்தான்டி" என்றாய். "அன்னைக்குப் போயிருந்தா அவிய அனுப்பிப் போயிருப்பேன். இன்னைக்கு நானாப் போறேன். ரெண்டும் ஒண்ணா?"

பிறகு குரலைத் தாழ்த்திக் காரணம் சொன்னாய். நான் ஏதோ நோய், ஏதோ கஷ்டம் என்று பயந்துகொண்டிருந்தேன். நீ சொன்னது, "எனக்கு சைக்கிள் ஓட்டப் படிக்கணும்." உன் வீட்டுக்காரர் கடையில் ஊரெல்லாம் சைக்கிள் எடுத்துப் போனது. உனக்கு அதைப் பழக ஒரு நாள்கூட ஓய்வு கிடைத்ததில்லை. இப்போது எல்லாரும் மொபெட் வாங்க ஆரம்பித்து, கடையில் சைக்கிள்கள் சும்மா நின்றன. "அவுகளும் சும்மாத்தான் இருக்காக. கூட்டிட்டுப் போய்ப் படிச்சுக் குடுக்கேன்னு சொல்லிருக்காக" என்று சொல்லும்போது உனக்குப் புதுப்பெண் மாதிரி வெட்கம் வந்தது. அதற்கு மேல் நான் என்ன சண்டை போட முடியும்?

கடைசி நாள் பட்டுச்சேலை உடுத்தி வந்தாய். மேனேஜர் பேச எழுந்ததும், "நானே பேசிக்கிறேன் சார்" என்று சொல்லி, "எல்லாருக்கும் மிக்சர் ரெண்டு பங்கு குடுக்கணும், போன தடவை பாக்கி இருக்கு" என்றாய். உன் பேச்சு அவ்வளவுதான். மேனேஜரே சிரித்தார். அந்தப் போட்டோவில் நம் மேசை முழுக்க இருக்கிறது, பிளீச்சிங் அண்ணாச்சியும் ஓரத்தில் இருக்கிறார், கேமராவை விட்டு வேறெங்கோ பார்த்தபடி.

பங்குனியில் உன்னைப் பார்க்க நான் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மணிச் சத்தம் கேட்டது. நீ. சேலையைத் தூக்கிச் சொருகி, லேடீஸ் சைக்கிளில், கூட்டத்துக்குள் நெளிந்து நெளிந்து வந்து என் காலில் இடித்து நிறுத்தினாய். "ஏறுட்டி பின்னால" என்றாய். எனக்கு உயிர் பயம். ஏறினேன். தேரடி வரை போனோம், யாரையும் கொல்லவில்லை. பின்னால் அண்ணன் இன்னொரு சைக்கிளில், "பிரேக்கு, பிரேக்கு" என்று கத்திக்கொண்டே வந்தார். நாம் சிரித்த சிரிப்பில் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அதே சைக்கிளில் நீங்கள் இரண்டு பேரும் மடவார் விளாகம் கோவிலுக்குப் போனதும், ஒருமுறை அய்யனார் கோவிலுக்குப் புறப்பட்டு மலையடிவாரத்தில் டயர் பஞ்சராகி நடந்தே திரும்பியதும் நீ சொல்லிச் சொல்லிச் சிரித்த கதைகள்.

நான் ஐம்பத்தெட்டு வரை இருந்தேன். கையில் தெம்பு இருந்தது, மகளுக்குப் படிப்பும் இருந்தது. அவள் டீச்சர் டிரெயினிங் முடித்தது எனக்கு ஐம்பது தாண்டிய வருஷங்களில்தான். முதல் சம்பளத்தில் உனக்குச் சேலை எடுத்துக்கொண்டு வந்தாளே, அப்போது, "எனக்கு எதுக்குத் தாயி?" என்று கேட்டாய். அவளுக்குக் காரணம் தெரியாது, நான் சொல்லி அனுப்பினேன், அவ்வளவுதான். ராமலட்சுமி ஐம்பதிலேயே போனாள், சொன்னபடி தூங்கினாளாம். அவளுக்கும் ஒரு குறையும் இல்லை. ரோசம்மாக்கா முழங்கால் வலி வந்து தானாகவே நின்றாள். அவரவர் நாளை அவரவர் சொன்னார்கள்.

உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது நீ கட்டிலில் இருந்தாய். அண்ணன் அதற்கு முன்பே போய்விட்டார். பேச்சு குறைந்திருந்தது. நான் கையைப் பிடித்துக்கொண்டு கம்பெனிக் கதைகளை ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீ கண்ணை மூடியே கேட்டாய். நான் ஒரு இடத்தில் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டேன், உடனே கண்ணைத் திறந்து திருத்தினாய். அப்போது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று உனக்குத் தெரியாது.

நேற்று மகள் மதுரையிலிருந்து போன் செய்தாள். விழுந்த விஷயம் எப்படியோ அவளுக்குப் போய்விட்டது. "தனியா இருந்தது போதும்மா. வீட்டைக் காலி பண்ணிட்டு இந்த மாசமே இங்க வந்துருங்க. நான் லாரிக்குச் சொல்லிட்டேன்" என்றாள். அவள் பேச்சில் அன்புதான் இருந்தது, அதில் எனக்குச் சந்தேகமில்லை. மேனேஜர் பேச்சு இல்லை அது. ஆனாலும் என் வாயிலிருந்து எனக்கே தெரியாமல் பதில் வந்தது.

"வாரேன் தாயி. வராம எங்க போகப்போறேன்? ஆனா எப்பன்னு நான் சொல்லுதேன். லாரிக்காரன்ட்ட வேண்டாம்னு சொல்லிரு."

அவள் சிரித்துவிட்டாள். "யாரும்மா உங்களுக்கு இப்பிடிப் பேசப் பழக்கிக் குடுத்தது?"

உன் பெயரைச் சொன்னேன்.